ஒரே ஊதல், ஒரே முடிவு

உள்ளங்கையைக் குவித்து, அதற்குள் 'ஹா' என்று ஊதி, உடனே மூக்கை நுழைத்து மோந்து பார்த்தார் ஊதல் சார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி ஊதினார். பற்பசை வாசனைதான் வந்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. பதினோரு வருஷமாக அடுத்தவர் மூச்சை நம்பாத மனிதர், தன் மூச்சை மட்டும் எப்படி நம்புவார்?

விடிகாலை நாலரை மணி. தலை விண்விண்ணென்று தெறித்தது. கண் இரண்டும் எரிந்தன. வயிறு கடமுடா என்று தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

பாத்ரூம் கதவைத் தட்டினாள் மனைவி. "எவ்வளவு நேரம்? உள்ள யார்கூடப் பேசிக்கிட்டிருக்கீங்க?"

"யார்கூடயும் பேசல. ஊதிக்கிட்டிருக்கேன்."

"வீட்லயுமா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஊதல் சாரின் உத்தியோகமே ஊதச் சொல்வதுதான். பஸ் டிப்போவின் வாசலில் ஒரு சின்ன அறை. அறையில் ஒரு மேஜை. மேஜையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருவி. காலையில் வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு டிரைவரும் அதில் ஊத வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் சாவி. சிவப்பு எரிந்தால் டிரைவர் சீட்டு போச்சு. அன்றிலிருந்து டயர் ஷெட்டில் பஞ்சர் பார்க்க வேண்டியதுதான்.

கருவி மேலிடத்திலிருந்து வந்தது. விதிகள் எல்லாம் ஊதல் சார் போட்டவை. கருவி சரியாக வேலை செய்கிறது என்று காட்டுவதற்காகத் தினமும் முதல் ஊதலை அவரே, அத்தனை டிரைவர்கள் முன்னாலும் ஊதுவார். யாராக இருந்தாலும் ஒரே ஊதல், ஒரே முடிவு. இரண்டாம் வாய்ப்பு கிடையாது. சிவப்பு வாங்கியவர் எங்கே, யாருடன், எவ்வளவு குடித்தார் என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூடக் குடித்த ஆளுக்கு எல்லோர் முன்னாலும் ஸ்பீக்கரில் போன் போட்டு, எழுதியது உண்மைதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசி விதியைப் படித்தபோது மேனேஜரே, "சார், இது கொஞ்சம் ஓவரா இல்ல?" என்று கேட்டார். இல்லை என்றுவிட்டார் ஊதல் சார்.

அவர் மேஜை இழுப்பறையில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. அதற்குச் சாக்கு நோட்டு என்று பெயர். சிவப்பு வாங்கிய டிரைவர்கள் சொன்ன சாக்குகளை எல்லாம் நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தார். முதல் சாக்கு, 'அழுகின பழம் சாப்பிட்டேன் சார்.' நாலாவது, 'பக்கத்து சீட்டுக்காரன் மூச்சு என் மூக்குக்குள்ள போயிடுச்சு.' பன்னிரண்டாவது, 'என் மாமியார் வேணும்னே ஏதோ கலந்துட்டாங்க.' யாராவது புதிதாக வாயைத் திறந்தால், "இது ஏழு. அடுத்தது?" என்பார்.

அது மட்டுமா! ஹேங்ஓவர் என்ற வார்த்தையையே அவர் டிப்போவில் தடை செய்திருந்தார். டிரைவர்கள் அதை உப்பு மாதிரி எல்லாவற்றிலும் போட்டுக்கொண்டிருந்தார்கள். நேற்றுப் பார்த்த மேட்ச் ஹேங்ஓவர், லீவு ஹேங்ஓவர், அண்ணன் கல்யாண ஹேங்ஓவர். ஏழாம் நம்பர் பஸ் டிரைவர் ஒருநாள் கொட்டாவி விட்டபடி, "பொண்டாட்டிகூடச் சண்டை சார், அந்த ஹேங்ஓவர் இன்னும் போகல" என்று சொல்லப்போக, அந்த மனிதரை ஓரமாக உட்கார வைத்து முக்கால் மணி நேரம் விளக்கினார். "ஹேங்ஓவர்னா குடிச்ச மறுநாள் வர்றது. குடிக்காம வர்றதுக்குப் பேரு தலைவலி. புரியுதா?" அவருக்குப் புரிந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தலைவலி வந்தது.

அப்பேர்ப்பட்ட ஊதல் சார், நேற்று சாயங்காலம் குடித்துவிட்டார்.

நடந்தது இதுதான். நகரத்தில் உள்ள ஏழு டிப்போக்களுக்கும் தலைமைப் பரிசோதகராக அவரை நியமித்து ஆர்டர் வந்திருந்தது. திங்கட்கிழமை காலை, டிரைவர்கள் முன்னிலையில் மேனேஜர் படித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டுக்குப் போனார். "அவன் வீட்டுக்குப் போனா பத்தே நிமிஷத்துல கிளம்பிடுங்க" என்று மனைவி சொல்லித்தான் அனுப்பினாள். தம்பியைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். டைல்ஸ் கடையில் விற்பனையாளன். நண்பர்கள் வட்டாரத்தில் அவனுக்குப் பட்டப்பெயரே 'டேங்க்கர்.'

"மாமா, ஏழு டிப்போவா!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான் மைத்துனன். "ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பதினோரு வருஷமா மோந்து மட்டும்தான் பாத்திருக்கீங்க. அதுவும் அடுத்தவன் வாயில. ஒரு நாளாவது ருசி என்னன்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

அந்தக் கேள்வி ஊதல் சாரை எங்கேயோ தைத்துவிட்டது. மதுவை அவருக்கு எண்ணாகத்தான் தெரியும். நூற்றுக்கு இத்தனை என்று சொன்னால் புரியும். அது இனிக்குமா புளிக்குமா என்று தெரியாது. ஏழு டிப்போவுக்குத் தலைமை ஏற்கப் போகிறவர் இதைக்கூடத் தெரிந்து வைத்துக்கொள்ளாமல் இருக்கலாமா?

அலமாரியிலிருந்து கழுத்து நீண்ட பெரிய பாட்டிலை எடுத்தான் மைத்துனன். செம்பழுப்பு நிறத்தில் பளபளத்தது. இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றினான். கசந்தது. தொண்டையில் சுருக்கென்று காரமாக இறங்கியது. இந்தக் கண்றாவிக்காகவா மனுஷர்கள் வேலையை விடுகிறார்கள் என்று நினைத்தார். இரண்டாவது டம்ளரில் நினைப்பு மாறியது. மூன்றாவதில் மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தார். மைத்துனனின் தோளில் சாய்ந்து, "என்னை யாருக்குமே பிடிக்காதுடா" என்று அழுதார். நாக்கு குழறுவது அவருக்கே கேட்டது. மைத்துனன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்து, "மாமா, போதும், வீட்டுக்குக் கிளம்புங்க" என்று ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டான்.

படுத்தவர் கண்ணை மூடவே முடியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விட்டத்தைப் பார்த்தபடி மனக்கணக்குப் போட்டார். மூன்று டம்ளர். ஒரு டம்ளர் ரத்தத்தை விட்டு இறங்க இத்தனை மணி நேரம். எப்படிக் கூட்டினாலும் மறுநாள் மத்தியானம் பன்னிரண்டுக்குத்தான் பச்சை வந்தது. முதல் ஊதலோ காலை ஐந்தரைக்கு.

லீவு போட்டுவிடலாம்தான். ஆனால் திங்கட்கிழமை திடீர் லீவு போடுகிறவர் வீட்டுக்குக் கருவியோடு ஆள் போக வேண்டும் என்று போன வருஷம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். அதை அடிக்கோடிட்டும் இருந்தார்.

பாத்ரூமை விட்டு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு கைப்பிடி கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நாக்கு மரத்துப்போனது.

"எதுக்கு இவ்ளோ கிராம்பு?" என்றாள் மனைவி.

"ஹல்வலி."

"என்னது?"

"ஹல். ஹல்வலி."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். கல்யாணமான இருபத்து மூன்று வருஷத்தில் அந்தப் பார்வையைத் தாக்குப்பிடித்த அனுபவம் அவருக்குக் கிடையாது. சட்டென்று திரும்பி, ஆணியில் தொங்கிய முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இது எதுக்கு?"

"ஜலதோஷம்."

"இப்பத்தானே பல்வலின்னீங்க?"

"ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு, ஆதாரத்துக்கு இரண்டு தடவை இருமியும் காட்டினார். இருமியதில் தலைக்குள் யாரோ பாத்திரம் உருட்டியது போல் இருந்தது.

"நேத்து என் தம்பி ஏதாவது கொடுத்தானா?"

"டைல்ஸ் காட்டினான்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். வலது கால் செருப்பு இடது காலில் ஏறியது தெருமுனையில்தான் தெரிந்தது.

டிப்போவில் இருபத்து மூன்று டிரைவர்களும் வரிசையில் நின்றார்கள். வழக்கமாக ஆளுக்கொரு மூலையில் நிற்பவர்கள், ஆர்டர் படிக்கும் நாள் என்பதால் அன்றைக்குச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்மேல் இருந்த பிரியத்தால் அல்ல. ஏழு டிப்போவுக்கும் போகிறவர் இந்த டிப்போவில் ஏழில் ஒரு பங்குதான் இருப்பார் என்று கூட்டிக் கழித்துப் பார்த்த மகிழ்ச்சி.

"சார், என்ன மாஸ்க்?" என்றார் ஏழாம் நம்பர் டிரைவர்.

"ஜலதோஷம். இருமல்."

"கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கே சார்."

"ஜலதோஷம்னு சொன்னேன்ல?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யோசிக்க ஒரு நிமிஷம்தான் இருந்தது. கருவியைத் திருப்பி, பின்மூடியைத் தள்ளி, உள்ளே இருந்த பேட்டரியை உருவிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டார். இவ்வளவு பெரிய தப்பை வாழ்க்கையில் அவர் செய்ததே இல்லை.

வெளியே வந்து, "மெஷின் ஆன் ஆகல. பேட்டரி தீர்ந்து போச்சு. கடை திறந்து வாங்கிட்டு வரணும்" என்றார்.

"கடை ஒன்பதரைக்குத்தானே சார் திறக்கும்?"

"என்ன பண்றது? ஊதாம வண்டி எடுக்கக் கூடாது. ரூல்."

ஒன்பதரை வரை ஓட்டினால் மிச்சத்தை வேறு விதமாக ஓட்டலாம் என்பது அவர் திட்டம். ஐந்தே முக்காலுக்கெல்லாம் கேட்டுக்கு வெளியே பயணிகள் கூடிவிட்டார்கள். ஒருவர் கேட்டைப் பிடித்து ஆட்டினார். இன்னொருவர் உரக்கத் திட்ட ஆரம்பித்தார். சத்தம் கேட்டு மேனேஜர் காதில் போனும் கையில் ஆர்டருமாக ஓடி வந்தார்.

"இருபத்து மூணு வண்டி ஒரு பேட்டரிக்கு நிக்குதா? மேலிடத்துல என்னைக் கிழிச்சுடுவாங்க சார்!"

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டயர் அண்ணன் வந்தார். டயர் ஷெட்டில் இருப்பவர். மூன்று வருஷத்துக்கு முன்னால்வரை பதினாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டியவர். ஒருநாள் காலையில் ஒரு சிவப்பு. 'இருமலுக்கு டானிக் குடிச்சேன் சார், வேற எதையும் தொடல' என்றார். சாக்கு நோட்டில் அது ஒன்பதாம் நம்பராக ஏறியது. அன்றிலிருந்து பஞ்சர் ஒட்டுகிறார். பதினாலாம் நம்பர் கேட்டைத் தாண்டும்போது மட்டும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். அதைத் தவிர யாரிடமும் ஒரு குறை சொன்னதில்லை.

"சார், இந்தாங்க பேட்டரி" என்று நீட்டினார். "டயருக்குக் காத்து பாக்குற மீட்டர்ல இருந்து கழட்டினேன். அளவு சரியா இருக்கும்."

சரியாகத்தான் இருந்தது. கருவி 'கீங்' என்று உயிர் பெற்றது. டிரைவர்கள் கைதட்டினார்கள். ஊதல் சார் அவரை முறைத்தார். அவரோ நன்றியை எதிர்பார்த்து நிற்பவர்போல் வெள்ளந்தியாகச் சிரித்தார்.

"ம், ஊதுங்க சார்" என்றார் மேனேஜர்.

"இன்னைக்கு முதல் ஊதல் நீங்க ஊதணும்" என்றார் ஊதல் சார் அவசரமாக. "ஆர்டர் படிக்கிற நாள். மரியாதைன்னு ஒண்ணு இருக்கு."

மேனேஜருக்கு இது பிடித்துவிட்டது. காலரைச் சரி செய்துகொண்டு, போட்டோ எடுக்கச் சொல்லி, கன்னம் உப்ப ஊதினார். பச்சை. மறுபடி கைதட்டல். மேனேஜர் குஷியாகிவிட்டார்.

"இப்ப நீங்க ஊதுங்க. நீங்க ஊதுறப்பவும் ஒரு போட்டோ. ஆர்டரோட சேத்து மேலிடத்துக்கு அனுப்பிடலாம்."

ஆக, ஊதினால் போதும் என்றிருந்தது, போட்டோவோடு ஊத வேண்டும் என்றாகிவிட்டது. ஏழாம் நம்பர் டிரைவர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், மாஸ்க்கைக் கழட்டுங்க" என்றார்.

ஊதல் சார் இரும ஆரம்பித்தார். சாதாரண இருமல் இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, உடம்பைக் குலுக்கி, கண்ணில் தண்ணீர் வரும் வரை இருமினார். "ஊத முடியல... மூச்சு நிக்கல... எனக்கு ஒரு அரை நாள்..." என்று இடையிடையே சொன்னார். நடிப்பு நன்றாகவே வந்தது. கொஞ்ச நேரத்தில் நிறுத்த நினைத்தும் நிற்காமல் நிஜமாகவே இரும ஆரம்பித்துவிட்டார்.

"ஐயய்யோ, தண்ணி கொடுங்கப்பா!"

"தண்ணி வேணாம், இதைக் கொடுங்க." டயர் அண்ணன் ஷெட்டுக்கு ஓடிப்போய் ஒரு பாட்டிலோடு திரும்பி வந்திருந்தார். "இருமலுக்கு இதை அடிச்சிக்க ஒண்ணுமே கிடையாது சார். ரப்பர் புகைக்கு நான் ராத்திரி ராத்திரி குடிக்கிறேன். ரெண்டு மடக்கு. அவ்வளவுதான்."

இருபத்து மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லவும் மூச்சு இல்லை. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, பாட்டிலை வாங்கி இரண்டு மடக்கு குடித்தார். தொண்டை வழுவழுப்பாகியது. இருமல் டக்கென்று நின்றது. நிற்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்து இன்னும் ஒரு மடக்கு குடித்துப் பார்த்தார். பயனில்லை; மருந்து அவ்வளவு நல்ல மருந்து.

"இப்ப ஊதலாமே" என்றார் மேனேஜர்.

இனி ஓட இடமில்லை. கருவியைக் கையில் எடுத்தார். பதினோரு வருஷமாக ஒரு நாள் தவறாமல் பச்சை எரிய வைத்த கை. ஏழு டிப்போ கண்ணில் வந்து போனது. வீட்டில் இடுப்பில் கை வைத்து நிற்கிற மனைவி வந்து போனாள். கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.

கருவி மூன்று தடவை கத்தியது. சிவப்பு.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. இந்த நாளுக்காக எத்தனையோ பேர் மனசுக்குள் வேண்டிக்கொண்டதுண்டு. வந்தபோது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். போட்டோ எடுத்த ஏழாம் நம்பர் டிரைவர், போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "படம் சரியா விழல" என்றார்.

முதலில் வாயைத் திறந்தது டயர் அண்ணன்தான். "சார், தப்பு என்மேலதான். அது டானிக்கு." பாட்டிலைத் திருப்பி, ஒட்டியிருந்த தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "பாருங்க, பன்னெண்டு சதவீதம் ஆல்கஹால்னு பொடி எழுத்துல போட்டிருக்கு. வாய்ல ஒட்டியிருக்கிற ஈரத்துக்கே மெஷின் கத்திடும். அன்னைக்கு எனக்கு ஆனதும் இதே டானிக்குதான் சார்."

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல!" மேனேஜருக்கு உயிர் வந்தது. "கால் மணி நேரம் கழிச்சு வாயைக் கொப்புளிச்சுட்டு இன்னொரு தடவை ஊதுங்க."

"ரெண்டாவது ஊதலுக்கு ரூல் இல்ல" என்றார் ஊதல் சார்.

"அந்த ரூலை எழுதினதே நீங்கதானே?"

"அதனாலதான் இல்ல."

பாட்டிலை வாங்கி அந்தப் பொடி எழுத்தைத் தானும் படித்தார். இரண்டு தடவை படித்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பாட்டிலை இதே மனிதர் இதே மேஜைமேல் வைத்தபோது, 'ஒன்பது, அடுத்தது?' என்று சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவருக்குத் தாங்கவில்லை. தலைவலியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"உங்களுக்கு டானிக்தான்" என்றார். "நான் பாக்காம விட்டேன். மூணு வருஷம் உங்களைப் பஞ்சர் ஒட்ட வச்சுட்டேன். மன்னிச்சுடுங்கண்ணே."

"விடுங்க சார், காத்தோட்டமான இடம்தான்" என்றார் டயர் அண்ணன். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"ஆனா எனக்கு டானிக் இல்ல." ஊதல் சார் முகக்கவசத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். பாக்கெட்டிலிருந்து பேட்டரியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "பேட்டரி தீரல. நான்தான் உருவினேன். ஜலதோஷமும் இல்ல. நேத்து சாயங்காலம் நான் குடிச்சேன். மூணு டம்ளர். இந்த டானிக் உள்ள போகாம இருந்தாலும் மெஷின் சிவப்புதான் காட்டியிருக்கும்."

"சார், சும்மா இருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார் மேனேஜர். "டானிக்னே இருக்கட்டும். இங்க இருக்கிற யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. என்னப்பா?"

"மாட்டோம் சார்!" என்றார்கள் இருபத்து மூன்று பேரும். பதினோரு வருஷத்தில் அவர்கள் ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் தடவை.

ஊதல் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கலங்கினாலும் விதி விதிதானே! "உங்ககிட்ட ஒத்துக்காத சாக்கை நான் எனக்கு எப்படி ஒத்துப்பேன்?" என்றார்.

சாக்கு நோட்டை எடுத்தார். ஒன்பதாம் நம்பரைக் கோடு போட்டு அடித்தார். ஒரு வெள்ளைத்தாளில், மூன்று வருஷத்துக்கு முந்திய சிவப்பு தவறு, அதை ரத்து செய்து பதினாலாம் நம்பர் சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பரிசோதகராகத் தன் கடைசிக் கையெழுத்து என்று கீழே குறிப்பும் எழுதினார். மேனேஜர் மறுபேச்சு பேசாமல் சீல் வைத்தார்.

"ஊதுங்க அண்ணே" என்று கருவியை நீட்டினார் ஏழாம் நம்பர் டிரைவர். டயர் அண்ணன் ஊதினார். பச்சை. பதினாலாம் நம்பர் சாவியை ஊதல் சாரே அவர் கையில் வைத்து, பதிலுக்கு டயர் ஷெட் சாவியை வாங்கிக்கொண்டார்.

"பஞ்சர் பசை மேல் தட்டுல இருக்கு சார்" என்றார் டயர் அண்ணன். "ஜாக்கி கொஞ்சம் வழுக்கும். கால்ல விழாம பாத்துக்குங்க."

அடுத்து படிவம். எங்கே? மைத்துனன் வீட்டில். யாருடன்? மைத்துனனுடன். எவ்வளவு? மூன்று டம்ளர். கீழே கையெழுத்து. ஏழு டிப்போ ஆர்டரை மேனேஜர் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"சரி, முடிஞ்சது. எல்லாரும் ஊதிட்டு வண்டியை எடுங்க" என்றார்.

"முடியல" என்றார் ஊதல் சார். "கூடக் குடிச்ச ஆளுக்குப் போன் போடணும். ஸ்பீக்கர்ல."

"சார், நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்க. இதுக்கு மேல எதுக்கு?"

"அது இல்லாம படிவம் செல்லாது."

மேனேஜர் பெருமூச்சு விட்டுக்கொண்டு எண்களை அழுத்தினார். கேட்டுக்கு வெளியே பயணிகள் கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒருவரும் அசையவில்லை. நாலைந்து தடவை மணி அடித்த பிறகு தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல், "ஹலோ" என்றது.

"பஸ் டிப்போல இருந்து பேசறோம். நேத்து சாயங்காலம் உங்க மாமா உங்க வீட்ல வச்சு மூணு டம்ளர் மது குடிச்சதா எழுதிக் கொடுத்திருக்காரு. உண்மையா?"

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது.

"மாமாவா? சேச்சே! மாமா அதைக் கையாலகூடத் தொட மாட்டாரே!"

"பாத்தீங்களா, காப்பாத்தப் பாக்குறான்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, ஊதல் சார் போன் பக்கம் குனிந்தார். "டேய், மறைக்காத. எனக்குச் சிவப்பு வந்துடுச்சு. நான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாச்சு. வேலையும் விட்டாச்சு. பாட்டிலை எடுத்ததும் நீ, ஊத்தினதும் நீ. நீயும்தானே என்கூடக் குடிச்ச? உண்மையைச் சொல்லு!"

"வேலையை விட்டுட்டீங்களா!" தூக்கக் கலக்கம் போய்விட்டது. "மாமா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல. சொல்லு" என்றார் மேனேஜர், இருபத்து மூன்று பேரையும் பார்த்துக்கொண்டே.

மைத்துனன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வெளிய சொல்லிடாதீங்க மாமா, என் சிநேகிதனுங்களுக்குத் தெரிஞ்சா மானமே போயிடும், நான் குடியை விட்டு எட்டு மாசமாச்சு, அந்த பாட்டில்ல இருக்கிறது தினமும் காலையில நானே காய்ச்சி ஊத்தி வைக்கிற பால் இல்லாத இஞ்சி டீ."